நாகப்பட்டினத்துத் துணி, தி ஹேக் நகரத்துக் காகிதம்: வருகை ஆய்வாளர் ஃபெலோஷிப் என்றால் என்ன?

"ஃபெலோஷிப் வந்துடுச்சா?" என்று பல்கலைக்கழகக் கேன்டீனில் யாராவது கேட்டால், ஜே.ஆர்.எஃப். பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். நெட் தேர்வில் தேறி, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்களுக்கு வரும் உதவித்தொகை அது. பெயர்தான் மாதாந்திரம், வருவது எப்போது என்று வாங்குகிறவர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல. அதே சொல்லுக்கு வரலாற்று ஆய்வாளர்களிடையே இன்னொரு பொருள் உண்டு.

ஓர் ஆய்வாளர், பெரும்பாலும் முனைவர் பட்டம் முடித்தவர், தன் ஊரைவிட்டு வேறோர் ஊரிலுள்ள நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ ஆய்வு நிறுவனத்துக்கோ போகிறார். சில வாரங்கள் முதல் ஓராண்டு வரை அங்கே தங்குகிறார். தான் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் ஆய்வைத்தான் அங்கும் செய்கிறார். பாடம் நடத்தும் கட்டாயம் பொதுவாக இல்லை, விடைத்தாள் திருத்துவதில்லை. முடிவில் பட்டமும் கிடைக்காது, நிரந்தர வேலையும் கிடைக்காது. உட்கார ஒரு மேஜை, நூலக அட்டை, பல இடங்களில் மாதச் செலவுக்குப் பணம், சில இடங்களில் தங்க வீடு, பேச நாலு பேர். அழைக்கும் நிறுவனத்துக்கு இவர் விருந்தாளி, அவ்வளவுதான். இதைத்தான் விசிட்டிங் ஃபெலோஷிப் என்கிறார்கள்.

எல்லாத் துறைகளிலும் இது உண்டு. ஆனால் உலகளாவிய வரலாறு என்கிற துறையில் இது இல்லாமல் வண்டி நகராது. அது ஏன் என்று புரிந்துவிட்டால், எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் பாதி புரிந்துவிடும்.

உலகளாவிய வரலாறு என்றதும், எல்லா நாடுகளின் வரலாற்றையும் ஒன்றாகத் தைத்த பெரிய கம்பளம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு பொருள், ஒரு மனிதர், ஒரு நோய், ஒரு கருத்து எல்லைகளைத் தாண்டி எப்படிப் பயணித்தது, அந்தப் பயணம் இரண்டு கரைகளையும் எப்படி மாற்றியது என்று பார்ப்பதுதான் இதன் வேலை. கேள்வி சின்னதாக இருக்கலாம்; ஆனால் அதற்கான பதில் ஒரே ஊரில் கிடைக்காது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். 1690-ல் சோழமண்டலக் கரைக்கான தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். 1781-ல் ஆங்கிலேயர் வந்து பிடுங்கிக்கொண்டார்கள். இடைப்பட்ட காலத்தில் இந்தக் கரையில் நெய்த பருத்தித் துணியை டச்சுக் கம்பெனி கப்பல் கப்பலாக வாங்கியது. அதற்கு விலையாகக் கொடுத்ததில் தங்கம் உண்டு, ஜப்பானிலிருந்து வந்த செம்பும் உண்டு. வாங்கிய துணி எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. கணிசமான பகுதி ஜாவாவுக்கும் மலுக்குத் தீவுகளுக்கும் போய், அங்கே மிளகுக்கும் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் ஈடானது. ஆக, ஒரு நெசவாளியின் தறிக்கும் நாகசாகித் துறைமுகத்துக்கும் இந்தோனேசியத் தோட்டத்துக்கும் ஆம்ஸ்டர்டாம் ஏலத்துக்கும் இடையே ஒரே நூல் ஓடுகிறது.

சரி, இந்தக் கதையை எழுத உட்கார்ந்தால் காகிதங்கள் எங்கே? அந்தக் கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம் வி.ஓ.சி. (நமக்கு அந்த மூன்றெழுத்து கப்பலோட்டிய தமிழரைத்தான் நினைவூட்டும். அவர் கப்பல் விட்ட தூத்துக்குடியும் ஒரு காலத்தில் இந்த வி.ஓ.சி.யின் கையில் இருந்த ஊர் என்பது வரலாற்றின் குறும்பு.) 1602-ல் தொடங்கி 1799-ல் கலைக்கப்பட்ட அந்தக் கம்பெனி விட்டுச்சென்ற ஆவணங்கள் சுமார் 2.5 கோடிப் பக்கங்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவை தி ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், சென்னை என்று சிதறிக் கிடக்கின்றன. 2003-ல் யுனெஸ்கோ இவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. எழுதியிருப்பது பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டு டச்சு. அதிலும் குமாஸ்தாக்களின் கையெழுத்து. இன்றைய டச்சு தெரிந்தவர்களே தடுமாறுவார்கள்.

நாகப்பட்டினத்து நெசவாளியைப் பற்றி எழுத நாகப்பட்டினத்துக்காரர் விசா வாங்கி நெதர்லாந்து போக வேண்டியிருக்கிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லைதான். ஆண்டவர்களின் அலுவலகம் எங்கே இருந்ததோ அங்கேதான் காகிதமும் போய்ச் சேர்ந்தது. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்தியா ஆபீஸ் பதிவுகள் மட்டும் சுமார் 14 கிலோமீட்டர் நீள அலமாரிகளை அடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வை ஃபெலோஷிப்புகள் சரிசெய்துவிடாது. பயணச்சீட்டுக்கும் வாடகைக்கும் வழி செய்யும். சில சமயம் மொழிக்கும் வழி செய்யும். 2000-களின் தொடக்கத்தில் லைடன் பல்கலைக்கழகம் டானாப் என்ற திட்டத்தில் ஆசியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் இளம் ஆய்வாளர்களை வரவழைத்து, முதலில் பழைய டச்சு கற்றுக்கொடுத்து, அப்புறம் ஆவணங்களில் இறக்கிவிட்டது. மொழியையும் சேர்த்துக் கொடுக்கும் அந்த மாதிரித் திட்டம் கிடைத்தால் விடக்கூடாது என்பது என் எண்ணம். பணம் செலவாகிவிடும், படிக்கத் தெரிந்த கண் கூடவே வரும்.

சேகரிக்கவா, எழுதவா?

விண்ணப்பிக்கும் புதியவர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பெர்னான் பிரோதெல் மத்தியதரைக் கடல் முழுவதையும் ஒரே உலகமாகப் பார்த்து எழுதியவர். இரண்டாம் உலகப்போருக்கு முன், கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் காப்பகங்களில் பல ஆண்டுகள் அலைந்தார். திரைப்படப் படப்பிடிப்புக்கான பழைய கருவி ஒன்றை வாங்கி, ஆவணங்களை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் படம் பிடித்தார். 1940-ல் ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். குறிப்புகள் எதுவும் கையில் இல்லை. ஐந்து ஆண்டுகள் முகாமில் இருந்தபடி, பெரும்பாலும் நினைவிலிருந்தே, நோட்டுப் புத்தகங்களில் நூலின் முதல் வரைவை எழுதினார். இன்று ஃபுளோரன்ஸ் நகரின் ஐரோப்பியப் பல்கலைக்கழக நிறுவனம் அவர் பெயரிலேயே மூத்த ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. முகாமில் நூல் எழுதியவரின் பெயரில் டஸ்கனி மலைச்சரிவில் மேஜை நாற்காலி!

யாரையும் சிறைக்கு அனுப்புவதற்காக இதைச் சொல்லவில்லை. ஓர் ஆய்வுக்கு இரண்டு பருவம் உண்டு. அலைந்து திரிந்து சேகரிப்பது ஒன்று. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவது மற்றொன்று. ஃபெலோஷிப்புகளும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. அறிவிப்பில் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள். நாம்தான் மோப்பம் பிடிக்க வேண்டும்.

சேகரிக்கும் பருவத்துக்கானவை காப்பகங்களும் பெரிய நூலகங்களும் தருபவை. பொதுவாக ஒரு மாதம் முதல் நான்கைந்து மாதம் வரை. கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகம், அமெரிக்கக் கண்டங்களின் தொடக்க காலத்துக்குப் பெயர்பெற்ற ஜான் கார்ட்டர் பிரவுன் நூலகம் போன்றவை இந்த வகை. தமிழ் தெரிந்த ஆய்வாளர்களுக்கு இன்னும் நெருக்கமான இடம் ஜெர்மனியின் ஹாலே நகரம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்குவும் அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதி அனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும், கூடவே தமிழ் ஓலைச்சுவடிகளும், அங்குள்ள பிராங்கே நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. வெளியூர் ஆய்வாளர்கள் வந்து தங்கிப் படிக்க அந்த நிறுவனம் உதவித்தொகையும் கொடுத்து வந்திருக்கிறது. தரங்கம்பாடி டேனிஷ் அரசரின் ஊர், மிஷனரிகள் ஜெர்மானியர், அச்சு இயந்திரம் அனுப்பியதோ லண்டனிலிருந்த ஒரு சங்கம். எனவே அந்தச் சின்ன ஊரின் கதையைத் தேட ஹாலேயோடு நிற்க முடியாது, கோபன்ஹேகனுக்கும் லண்டனுக்கும் போக வேண்டும். இப்படிப்பட்ட ஆய்வுக்கு ஒரே இடத்தில் ஓராண்டு உட்கார்வதைவிட மூன்று இடங்களில் மும்மூன்று மாதம் கிடைப்பது மேல்.

எழுதும் பருவத்துக்கானவை உயராய்வு நிறுவனங்கள். 1930-ல் தொடங்கிய அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. பெர்லினின் விசென்ஷாஃப்ட்ஸ்கொலெக் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் சுமார் 40 பேரை அழைக்கிறது. அதில் வரலாற்றாசிரியர் பக்கத்தில் உயிரியலாளர், அவர் பக்கத்தில் இசையமைப்பாளர். மதியச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. அங்குள்ள நூலகத்தின் பெருமை அடுக்கி வைத்த புத்தகங்களில் இல்லை. கேட்ட புத்தகத்தை பெர்லின் நகர நூலகங்களிலிருந்தெல்லாம் தேடி எடுத்து வந்து கையில் கொடுப்பதில்தான். அங்கே போய் "நான் காப்பகத்தில் ஆறு மாதம் செலவிடப் போகிறேன்" என்று எழுதினால், அப்படியானால் காப்பகத்துக்கே போங்களேன் என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

எழுதுவதற்கு வெளிநாடு போயே ஆக வேண்டும் என்பதில்லை. சிம்லாவில் 1888-ல் வைஸ்ராய்க்காகக் கட்டி முடித்த மாளிகையை, குடியரசுத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார். 1965 முதல் அங்கே இந்திய உயராய்வு நிறுவனம் இயங்குகிறது. ஃபெலோவாகப் போகிறவர் அங்கேயே தங்கி, முடிவில் ஒரு நூலின் கையெழுத்துப்படியைக் கொடுக்க வேண்டும். நீண்ட விடுப்பு எடுக்க முடியாத கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு ஒரு மாதம் வீதம் வந்துபோகும் அசோசியேட் ஏற்பாடும் அங்கே உண்டு. நம்மூர் ஆசிரியர்கள் இதை ஏன் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். குளிராக இருக்குமோ என்னவோ.

இரண்டிலும் சேராதவை

ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு அதற்குள் வருகிறவர்களை மட்டும் கூட்டும் மையங்கள் உண்டு. பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் 2009-ல் தொடங்கிய ரிவொர்க் என்ற மையம், 'உலகளாவிய வரலாற்றில் உழைப்பு' என்ற ஒற்றைக் கேள்வியோடு பல ஆண்டுகள் உலகெங்கிலுமிருந்து ஆய்வாளர்களை அழைத்தது. ஜெர்மன் அரசின் கேட்டே ஹம்பர்கர் வரிசையில் வந்த மையம் அது. அதே வரிசையில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் 2021 முதல் இன்னொரு மையம். உலகமயமாதல் என்றாலே எல்லாம் இணைவதுதானா, அறுந்துபோன தொடர்புகளையும் தாமதங்களையும் மாற்றுப்பாதைகளையும் யார் எழுதுவது என்பது அதன் கேள்வி. ஆம்ஸ்டர்டாமின் சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் 1935-லிருந்து தொழிலாளர் இயக்கங்களின் தாள்களைச் சேர்த்து வைத்திருக்கிறது, மார்க்ஸ், எங்கெல்ஸ் கையெழுத்துப்படிகள் உட்பட. தேயிலைத் தோட்டத்துக்கோ ரப்பர் தோட்டத்துக்கோ போன கூலிகளைப் பற்றி ஆய்கிறவருக்கு, புகழ்பெற்ற பொதுவான நிறுவனங்களைவிட இப்படிப்பட்ட இடங்களில்தான் பேச்சுத்துணை கிடைக்கும். ஒரு கவனம்: இந்த மையங்களுக்கு ஆயுள் உண்டு. நிதி முடிந்தால் கடையைச் சாத்திவிடுவார்கள். பழைய அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பம் தயாரித்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், பணத்தை ஒருவரும் இடத்தை இன்னொருவரும் தரும் வகை. ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் அறக்கட்டளை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முனைவர் பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆனவர்களுக்கு 6 மாதம் முதல் 24 மாதம் வரை பணம் தருகிறது. இந்த நாட்டுக்கு இத்தனை, இந்தத் துறைக்கு இத்தனை என்ற ஒதுக்கீடு கிடையாது. ஆனால் உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு ஜெர்மானியப் பேராசிரியர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போக ஃபுல்பிரைட்-நேரு ஃபெலோஷிப் இருக்கிறது. முனைவர் பட்டம் முடிக்காத மாணவர்களுக்கும் அதில் தனிப் பிரிவு உண்டு.

கடைசியாக, பணமே தராத ஃபெலோஷிப். ஆமாம், அதுவும் உண்டு. பெயர், மின்னஞ்சல் முகவரி, நூலக அட்டை இவ்வளவுதான் தருவார்கள். சில பல்கலைக்கழகங்கள் மேஜைக்கு நம்மிடமே கட்டணம் கேட்கும். அதற்கு பெஞ்ச் ஃபீ என்று பெயர். கையில் வேறு நிதி இருந்தால் இதனால் பயன் உண்டு. கடிதத்தில் 'ஃபெலோ' என்ற சொல்லைப் பார்த்த மகிழ்ச்சியில் டிக்கெட் போட்டுவிடாதீர்கள். 'உதவித்தொகை' என்ற வரி இருக்கிறதா என்று இரண்டு முறை தேடுங்கள்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

தேர்வுக் குழு எழுத்து நடையை ரசிக்க உட்காரவில்லை. அவர்களுக்கு முக்கியமாக ஒரே கேள்வி: இந்த ஆய்வை, இந்த ஆள், ஏன் இங்கே வந்து செய்ய வேண்டும்? "உங்கள் உலகப் புகழ்பெற்ற நூலகத்தைப் பயன்படுத்த விரும்புகிறேன்" என்பது அதற்குப் பதில் ஆகாது. அதே வரியை எந்த நூலகத்துக்கும் அனுப்பலாம் என்று அவர்களுக்கும் தெரியும்.

இடத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தி ஹேக்கில் டச்சுக் கம்பெனி ஆவணத்தொகுதியின் எண் 1.04.02. அதன் விவரப்பட்டியலை இணையத்தில் திறந்து, எந்த ஆண்டின் நாகப்பட்டினக் கடிதங்கள் எந்த எண்ணில் இருக்கின்றன என்று பார்த்து எழுதலாம். லண்டன் என்றால் இந்தியா ஆபீஸ் பதிவுகளில் ஜி (G) வரிசை வணிகக்கிடங்குப் பதிவுகளா, பி (P) வரிசை நடவடிக்கைக் குறிப்புகளா என்று பிரித்துச் சொல்லலாம். இப்படி எண் போட்டு எழுதிய ஒரு பத்தி, 'உலகளாவிய', 'பன்முக', 'ஊடாட்டம்' என்று நிரப்பிய மூன்று பக்கத்தைவிட அதிகம் பேசும்.

அதற்கு முன் இன்னொன்று. உள்ளூரில் இருப்பதைப் பார்த்துவிட்டீர்களா? சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே டச்சுப் பதிவுகள் இருக்கின்றன, பெரும்பாலும் கொச்சியிலிருந்து வந்தவை. எழும்பூரையே பார்க்காதவர் தி ஹேக் போகக் கேட்டால் குழுவுக்குச் சந்தேகம் வரும். இணையத்தில் கிடைப்பதற்கும் இதே கதிதான். நெதர்லாந்தில் டச்சுக் கம்பெனியின் கடிதங்களில் பல லட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்து, கணினியே கையெழுத்தைப் படித்துச் சொல் தேட வசதியாகத் தந்திருக்கிறார்கள். அங்கே முதலில் தேடிப்பாருங்கள். அதில் கிடைக்காதது எது, அதற்கு ஏன் நேரில் வர வேண்டும் என்று எழுதினால் அந்த விண்ணப்பம் தனியாகத் தெரியும்.

மொழித் திறனை மறைக்க வேண்டாம். டச்சு தெரியாது என்றால், எத்தனை மாதத்தில் எங்கே கற்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். தமிழ் தெரியும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். டச்சுக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதி வைத்த ஊர்ப்பெயரையும் ஜாதிப்பெயரையும் துணிப்பெயரையும் அடையாளம் காண்பது ஐரோப்பிய ஆய்வாளருக்குப் பெரும்பாடு, நமக்கோ அது வீட்டுப் பேச்சு. இந்த ஒரு விஷயத்தில் நம் பக்கம்தான் கனம் அதிகம். நம்மவர்கள் இதை ஒரு வரியில் அடக்கமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

ஏற்றுக்கொள்ளும் பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் பத்து வரிக்குள் இருக்கட்டும். நீங்கள் யார், கேள்வி என்ன, அவருடைய எந்தக் கட்டுரை உங்கள் கேள்வியைத் தொடுகிறது, எப்போது வர எண்ணம். "மதிப்பிற்குரிய ஐயா" பாணியில் முழுப்பக்கம் வணங்க வேண்டியதில்லை. பதில் வராவிட்டால் மூன்று வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரைப் பாருங்கள். பரிந்துரைக் கடிதம் பெரிய பதவியில் இருப்பவரிடம் வாங்குவதைவிட, உங்கள் ஆய்வேட்டின் இயலைப் படித்துத் திருத்தியவரிடம் வாங்குவது நல்லது. துணைவேந்தரின் கடிதத்தில் உங்கள் பெயர் மட்டும்தான் உங்களைப் பற்றியதாக இருக்கும்.

கிடைத்த பிறகு வரும் வேலைகள் அலுப்பானவை, ஆனால் ஆளைச் சாய்ப்பவை. அரசுக் கல்லூரி ஆசிரியர் என்றால் தடையில்லாச் சான்றுக்கும் விடுப்புக்கும் கோப்பு எத்தனை மேஜை ஏறி இறங்கும் என்று கணக்குப் போட்டு, கடிதம் வந்த அன்றே தொடங்க வேண்டும். பணம் பல இடங்களில் போய்ச் சேர்ந்த பிறகுதான் கிடைக்கும். விமானக் கட்டணம் ரசீது காட்டிய பின் திரும்ப வரும். விசாக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, முதல் மாத வாடகை, முன்பணம் எல்லாம் நம் கையிலிருந்து. அமெரிக்காவுக்கு அரசு நிதியில் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போகிறவர்கள், முடித்ததும் சொந்த நாட்டில் இரண்டாண்டு இருந்தாக வேண்டும் என்ற விதி தங்களுக்குப் பொருந்துகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தையோடு போகிறவர்கள் வீடும் பள்ளியும் பற்றி முதல் கடிதத்திலேயே கேட்கலாம். கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சம் வேண்டாம், அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

இத்தனையும் தாண்டி ஒரு நாள் காலை வாசிப்பறை வாசலில் போய் நிற்பீர்கள். பையையும் கோட்டையும் லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். மடிக்கணினி, வெள்ளைத்தாள், கைபேசி உள்ளே போகலாம். பேனாவுக்கு அனுமதி இல்லை. நல்ல பென்சில் நாலு எடுத்துப் போங்கள்.